மான் நிற்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரைஃபிள் மான் சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. 2019-க்கு முன்பு திங்கட்கிழமைதான் தொடக்கம். சனிக்கிழமை ஆனதிலிருந்து அலுவலகத்தில் லீவு கிடைக்காதவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். என்னோடு காட்டுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் புதியவர்கள். சுடுதளத்தில் நன்றாகச் சுடுகிறார்கள், வகுப்பு முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். ஆனால் இருட்டியபின் வண்டியருகே கூடும்போது பேச்சு ஒன்றுதான்: "ஒண்ணுமே கண்ணுல படலை." அதே சரிவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தவர் நாலைந்து மான் பார்த்திருப்பார்.

வருடாவருடம் இந்தக் குறையைத் தீர்த்து வைத்ததில், கோளாறு எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பது பிடிபட்டுவிட்டது. பெரும்பாலும் அது பார்க்கிற விதத்தில் இருக்கிறது. செலவு வைக்கும் காரணங்கள் கடைசியில்தான் வரும். ஆகவே உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சோதித்து வாருங்கள். பாதியிலேயே சரியாகிவிட்டால் மிச்சத்தைப் படிக்க வேண்டாம்.

இது உரிமம் பெற்று வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எழுதியது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே மானைப் பார்க்க மட்டும் போகிறவர்கள் துப்பாக்கிப் பேச்சை விட்டுவிட்டு, கண் பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவான ஒரு விதி

ரைஃபிள் ஸ்கோப்பை வைத்துத் தேடாதீர்கள். ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்புகிறது. புதருக்குள் அசைவது இன்னொரு மனிதராக இருக்கலாம். தேடுவதற்குக் கண், உறுதிசெய்யப் பைனாகுலர், இது மான்தான், சட்டப்படி சுடக்கூடிய மான்தான் என்று தெரிந்தபின் ரைஃபிள். இந்த வரிசை மாறவே கூடாது. என்னோடு வருகிறவரிடம் பைனாகுலர் இல்லையென்றால் என்னுடையதைக் கொடுத்துவிடுவேன், ஸ்கோப்பில் பார்க்க விடமாட்டேன்.

ஆரஞ்சு உடையைக் கழற்றினால் மான் வரும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். ரைஃபிள் சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் ஆரஞ்சு, எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்பது சட்டம். மான் கண்ணுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோலப் பளிச்சென்று தெரியாது.

## நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு மான்கூடத் தெரியவில்லை

கண்ணைச் சந்தேகிக்கும் முன் தரையைப் பாருங்கள். அன்றைய வேட்டை முடிந்ததும் பரணைச் சுற்றி ஐம்பது அறுபது கஜம் மெதுவாக நடந்து வாருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

- புழுக்கை. புதியது ஈரமாக, கருமையாக மினுங்கும், குச்சியால் அமுக்கினால் நசுங்கும். பழையது வெளுத்து உதிரும்.
- ஓக் மரத்தடியில் கிளறிய சருகு. மான் கொட்டை தேடிக் காலால் புரட்டிய இடத்தில் சருகின் ஈரமான கரும்பக்கம் மேலே தெரியும்.
- கடித்த கொப்பு. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கடித்து இழுக்கும்போது கொப்பு நார்நாராகக் கிழிந்து நிற்கும். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல இருந்தால் அது முயல்.
- படுக்கை. சருகிலோ பனியிலோ நீள்வட்டமாக அழுந்திய பள்ளம்.
- ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த இளமரம்.

இவை எதுவும் இல்லை, அல்லது எல்லாம் பழசு: உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இடம் சரியில்லை. போன மாதம் ஓக் கொட்டை கொட்டிக் கிடந்த இடத்தில் இப்போது வெறும் தோடுதான் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டை தீர்ந்தால் மான் நகர்ந்துவிடும். மரம் வெட்டி விட்ட இடத்தில் தளிர்த்து வரும் அடர்ந்த குறுங்காடு, இலையுதிராத மவுன்டன் லாரல் புதர்களின் ஓரம், குளிர் கடுமையானால் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரக்கூட்டம், இவற்றுக்கு அருகில் மாறி உட்காருங்கள். இதற்குச் செலவில்லை.

அடுத்த காரணம் ஆள் நடமாட்டம். வேட்டைக்குத் திறந்திருக்கும் அரசு நிலமான ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர், ஆனால் பெரும்பாலோர் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். செங்குத்தான இடமும் முள்ளடர்ந்த இடமும் காலியாகக் கிடக்கும். மானும் அங்கேதான் ஒதுங்கும். இன்னும் தள்ளிப் போக உடம்பு ஒத்துழைக்கிறதா, இருட்டியபின் திரும்பிவர வழி தெரியுமா என்பதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

அதற்கும் மேல் என்றால் சீசனுக்கு முன்பே சில வார இறுதிகளை ஒதுக்கி இடம் பார்ப்பது. விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் டிரெயில் காமிரா வாங்குவதாக இருந்தால் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எல்லாம் புத்தம் புதிதாக இருக்கிறது: மான் வந்து போகிறது, நீங்கள் பார்க்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்து போனீர்கள்? சீசனின் முதல் நாளில் பத்துப் பத்தரை மணிக்குப் பசியும் குளிரும் தாங்காமல் எல்லாரும் கீழே இறங்குவார்கள். அந்த நடமாட்டத்தில்தான் படுத்துக் கிடக்கும் மான்கள் எழுந்து நகரும். சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போய் மதியம் தாண்டும் வரை உட்காருங்கள். கைபேசி எங்கே இருந்தது? மரங்களுக்கு இடையே ஓர் இடைவெளியைக் கடக்க மானுக்குச் சில நொடிகள் போதும். கைபேசியை எட்டாத பையில் போட்டுவிடுங்கள்.

இரண்டும் சரி என்றால் காற்றைப் பாருங்கள் (அதைக் கீழே "ஓடும்போதுதான் தெரிகிறது" என்ற தலைப்பில் சொல்லியிருக்கிறேன்), அப்புறம் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## "அதோ நிக்குது பாருங்க" என்று காட்டினாலும் எனக்குத் தெரியவில்லை

புதியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் குறை இதுதான். பெரும்பாலும் காசில்லாமல் தீர்ந்துவிடும்.

முழு மானைத் தேடுகிறீர்களா? நாட்காட்டிப் படத்தில் இருப்பதுபோலத் தலை முதல் வால் வரை ஒரு மான் தெரியும் என்று எதிர்பார்த்தால் அது முன்னால் நின்றாலும் தெரியாது. தேட வேண்டியது துண்டுகளை. இலையுதிர்ந்த காட்டில் மரங்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது விழுந்த மரமாக இருக்கும், இல்லையென்றால் மானின் முதுகு. விழுந்த மரம் தரையைத் தொட்டுக் கிடக்கும். முதுகுக்கோட்டின் அடியில் வெளிச்சம் இருக்கும்.

லாரல் புதருக்குப் பின்னால் நிற்கும் பெண் மானைப் பைனாகுலரில் பார்த்தால் உண்மையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். இலைகளுக்கு இடையே ஒரு காது, உள்பக்கம் வெளிர்மயிர், விளிம்பு கருப்பு. அதற்குக் கீழே எங்கோ ஈரமாக மினுங்கும் கருமூக்கு, அதை ஒட்டி வெள்ளை வளையம். இன்னும் கீழே தொண்டையில் ஒரு வெள்ளைத் திட்டு. உடம்பு இருக்கவே இருக்காது. குளிர்கால மயிர் சாம்பலும் பழுப்புமாக மரப்பட்டையோடு கலந்துவிடும். கண் முதலில் அந்த வெள்ளைத் திட்டைப் பிடிக்கும், அல்லது காது ஒருமுறை மடங்கி நிமிர்வதைப் பிடிக்கும். அந்த இரண்டும் சேர்ந்தபின்தான் "அட, மான்" என்று மனதில் முழு உருவம் கூடும். பின்னங்கால் முட்டி பின்பக்கமாக வளையும் கோணம், வெயில் பட்டு மின்னும் கொம்பு நுனி, எதிர்வெயிலில் செக்கச்செவேல் என்று ஒளி ஊடுருவும் காதுமடல், இவையும் நல்ல அடையாளங்கள்.

கண் உயரத்தில் தேடுகிறீர்களா? வெள்ளைவால் மானின் தோள் உயரம் மூன்று அடி அளவில்தான். உங்கள் இடுப்புக்குச் சற்று மேலோ கீழோ வரும். புதியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே மேலே தேடுகிறார்கள். சோதனை எளிது: சீசனுக்கு முன் ஒருநாள், எண்பது கஜம் தள்ளி ஒரு மரத்தில் இடுப்பளவில் ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள். நினைத்ததைவிட எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் கண் தானாக இறங்கிவிடும்.

கண்ணை வேகமாக ஓட்டுகிறீர்களா? காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் கிட்டத்தில் ஒரு பட்டை, அதற்குப் பின்னால் ஒன்று, கடைசியில் தூரம். ஒவ்வொன்றிலும் வலமிருந்து இடமாக வாருங்கள். இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய கண் அந்தத் திசையில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், எதிர்த்திசையில் தடுக்கித் தடுக்கி நிற்கும். ஓர் இடத்தில் கண்ணை நிறுத்தி இரண்டு மூன்று மூச்சு விடுங்கள், அப்புறம் அடுத்த இடம். ஒரு சுற்று முடிந்தால் முதலிலிருந்து. முன் சுற்றில் காலியாக இருந்த இடத்தில் இப்போது மான் நிற்கும், அது எப்படி வந்தது என்றே தெரியாது.

முன்னால் இருக்கும் புதரிலேயே பார்வை நின்றுவிடுகிறதா? புதரைப் பார்க்காமல் புதருக்குள்ளே பார்க்க வேண்டும். பைனாகுலரில் முன் கொப்புகளுக்குக் குவியத்தை வையுங்கள். பிறகு நடுச் சக்கரத்தை மிக மெல்லத் திருப்புங்கள். முன்கொப்பு கரைந்து மறையும், அடுத்த வரிசை தெளியும், பிறகு அதற்கும் பின்னால் இருப்பது. ஒரு புதரை நாலைந்து அடுக்காக உரித்துப் பார்த்துவிடலாம். வெறுங்கண்ணுக்குச் சுவராகத் தெரிந்த இடத்தில் படுத்து அசைபோடும் மானை இப்படித்தான் பிடிக்க முடியும். தரையில் இருந்தால் ஒருமுறை குந்தியும் பாருங்கள். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் காடு திறந்திருக்கும், கால்கள் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியவில்லை: இப்போது கண்ணாடிக்கு வருவோம். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அல்லது புரோகிரெசிவ் போட்டுக்கொண்டு பரணிலிருந்து கீழே பார்த்தால், கிட்டப் படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள். தரை முழுக்க மங்கலாகத்தான் இருக்கும். தாடையைத் தாழ்த்திக் கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் பாருங்கள். உடனே தெளிந்தால் காரணம் அதுதான். வேட்டைக்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது நல்ல செலவு.

அடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு தூரத்து வண்டியின் நம்பர் பலகையைப் படியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் மங்கல், எதிர்வெயிலில் கூச்சம் அதிகம், விளக்கைச் சுற்றி வளையம், பச்சையும் சிவப்பும் குழப்பம், இவற்றில் எது இருந்தாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் இது. சிவப்பு பச்சைக் குறைபாடு என்று தெரியவந்தால் வேட்டையை விட வேண்டியதில்லை. நிறத்தை நம்பாமல் கோட்டையும் அசைவையும் நம்பப் பழக வேண்டும், அவ்வளவுதான். கண்புரை என்றால் தள்ளிப்போடாதீர்கள். கண் தெளிவில்லாமல் துப்பாக்கியோடு காட்டுக்குள் போவது மற்றவர்களுக்கும் ஆபத்து.

## ஓடும்போதுதான் தெரிகிறது, வெள்ளை வால் மட்டும்

வால் தூக்கி ஓடுகிறது என்றால் அது உங்களை முதலில் கண்டுபிடித்துவிட்டது. எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நடந்துகொண்டிருந்தீர்கள் என்றால் காரணம் வேகம். நாலைந்து அடி வையுங்கள், ஒரு மரத்தை ஒட்டி நில்லுங்கள், நடந்ததைவிடப் பல மடங்கு நேரம் நின்று பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் காட்சி மாறுகிறது: முன்பு மரத்துக்குப் பின்னால் இருந்தது இப்போது வெளியே வந்திருக்கும். அதைப் பார்த்து முடிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. மேட்டில் ஏறும்போது முகட்டின் மேல் முழு உருவமாக எழுந்து நிற்காதீர்கள். கண் மட்டும் மேலே தெரியும்படி நின்று அந்தப் பக்கச் சரிவைப் பார்த்து முடித்தபின் தாண்டுங்கள். மொரமொரவென்று காய்ந்த சருகில் இந்த முறை சரிப்படாது. மழை பெய்து சருகு ஈரமாகும் நாளுக்காகக் காத்திருங்கள், அதுவரை ஓரிடத்தில் உட்காருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே ஓடுகிறது என்றால் காற்று. வேலியோரங்களில் முற்றி வெடித்துக் கிடக்கும் மில்க்வீட் காய்களில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் எருக்கின் குடும்பம்தான், பஞ்சும் அதே மாதிரி. ஒரு விதையை விட்டுப் பாருங்கள். முகத்தில் படும் காற்று ஒரு திசை சொல்லும், பஞ்சு முப்பது கஜம் போய் வேறு திசைக்குத் திரும்பும். மலைச்சரிவில் வெயில் ஏறியபின் காற்று மேல்நோக்கி எழும், சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் கெட்டுப்போவது அதனால்தான். மான் வரும் பாதையை நோக்கிப் பஞ்சு போனால் இடத்தை மாற்றுங்கள். மோப்பத்தை மறைக்கும் ஸ்பிரேயை நம்பி அதே இடத்தில் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்றும் சரி என்றால் உடை. ஆரஞ்சு பிரச்சினை இல்லை, நீலம்தான் பிரச்சினை. மான் கண் நீலத்தை நன்றாகப் பிடிக்கும், ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். வெண்மை பளிச்சிடச் செய்யும் சோப்புத்தூளில் துவைத்த துணியும் அதே மாதிரிதான். வெறும் முகமும் கையும் அசையும்போது வெகுதூரம் தெரியும். மெல்லிய கையுறை போடுங்கள்.

சில நேரம் மான் ஓடாது. முன்னங்காலால் தரையை உதைக்கும், தலையைத் தாழ்த்தி மேய்வதுபோலப் பாவனை செய்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். சந்தேகம் இருக்கிறது, உறுதியில்லை என்று அர்த்தம். இமைகூட அசைக்காமல் இருங்கள். அது வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு உண்மையாகவே மேய ஆரம்பித்தால் தப்பித்தீர்கள். தும்முவதுபோல் பலமாகச் சீறினால் மோப்பம் பிடித்துவிட்டது, அன்றைக்கு அந்த மான் வராது.

## பார்ப்பதெல்லாம் மானாகத் தெரிகிறது

இது முந்தைய குறைகளைவிட ஆபத்தானது. களைப்பும் ஆசையும் சேர்ந்தால் கட்டையும் மானாகும்.

விடிந்து வெளிச்சம் வந்ததும், கண்ணுக்கு எட்டும் அடிமரம், கல், வேர்ப்பிடுங்கி விழுந்த மரம் ஒவ்வொன்றையும் பைனாகுலரில் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் புதிதாக ஒன்று முளைத்தால் உடனே தெரியும். ஒரே இடத்தை முறைத்துக்கொண்டே இருந்தால் கட்டையும் அசைவதுபோலத் தோன்றும். பார்வையை விலக்கி வேறு பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பீச் (beech) மரம், முக்கியமாக இளமரம், காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்க உதிர்க்காமல் வைத்திருக்கும். இடுப்பளவில் ஒற்றை இலை வெளிர்பழுப்பாக ஆடினால் காது ஆடுவதுபோலவே இருக்கும். காற்று வீசும்போது ஆடி, நின்றால் நிற்பது இலை. காற்றில்லாதபோது ஆடுவதைப் பைனாகுலரில் பாருங்கள்.

சத்தத்தில் ஏமாற்றுவது அணில். காய்ந்த சருகில் சாம்பல் அணில் போடும் சத்தத்துக்குப் பெரிய விலங்கே வருகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அணில் விறுவிறுவென்று ஓடும், நிற்கும், கிளறும். மான் சீராக அடி வைத்து வரும், நடுவில் நீண்ட மௌனம், மறுபடி இரண்டு அடி. மனிதர் நடப்பதும் ஏறக்குறைய மான் மாதிரியேதான் கேட்கும். சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாமல் இருப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

வருவது ஆள்தான் என்று தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள். பலமாகக் குரல் கொடுங்கள்.

## விடியலிலும் கருக்கலிலும் எல்லாம் மங்கல்

மான் அதிகம் நடமாடும் நேரம் இதுதான். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு முதல் அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை சட்டப்படி நேரம் உண்டு. அந்த இரண்டு ஓரத்திலும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

- வண்டியிலிருந்து வரும்போதே வெள்ளை விளக்கை அணைத்துக் கண்ணை இருட்டுக்குப் பழக்கினீர்களா? உட்கார்ந்தபின் கைபேசித் திரையைப் பார்த்தால் பழக்கியது அத்தனையும் போச்சு.
- சந்தேகப்படும் உருவத்தை நேராகப் பார்க்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். மங்கலில் ஓரப்பார்வைதான் கெட்டி.
- பைனாகுலர் லென்ஸைத் துடைத்தீர்களா? முதலில் ஊதித் தூசியை நீக்குங்கள், பிறகு லென்ஸ் துணி. சட்டை நுனி வேண்டாம்.
- உங்கள் கண்ணுக்கு அதைச் சரிசெய்தீர்களா? வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் இப்படித்தான். கண்ணாடி போடுகிறவர்கள் கண்கிண்ணத்தை உள்ளே திருகிவிட வேண்டும்.
- வெளிப்பக்கம் ஆவி படிகிறதா? குளிரில் கோட்டுக்குள் வைத்து எடுத்தாலும், மூச்சு பட்டாலும் அப்படித்தான். கோட்டுக்கு வெளியே தொங்கவிடுங்கள், பார்க்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள்.

இவை சரி, ஆனாலும் இருட்டு என்றால் பைனாகுலர் மேல் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 5-க்குப் பக்கம் வர வேண்டும். 8x42 இந்தக் காட்டுக்கு மிகப் பொருத்தம். 10x25 சட்டைப்பைக்கு வசதி, ஆனால் கருக்கலில் உதவாது. பெருக்கம் கூடக் கூடக் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும், காட்சிப் பரப்பும் சுருங்கும். அடர்ந்த காட்டில் பத்தைவிட எட்டுதான் நல்லது.

லென்ஸின் உள்பக்கம் ஆவி படிந்தாலோ, காட்சி இரண்டிரண்டாகத் தெரிந்து தலைவலித்தாலோ நீங்களே திருகைக் கழற்ற வேண்டாம். முன்னது அடைப்பு போனது, பின்னது கீழே விழுந்து அச்சு விலகியது. வாங்கிய நிறுவனத்தின் சர்வீசுக்கு அனுப்புங்கள். வாரண்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், மலிவான பைனாகுலருக்குப் பழுதுக்கூலியே விலையைத் தாண்டிவிடும்.

வெப்பக் காமிரா பற்றிக் கேட்கிறார்கள். விதிப்புத்தகத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். இரவில் மான் வேட்டையே கிடையாது.

## பார்த்தேன், பைனாகுலரை எடுப்பதற்குள் தொலைத்துவிட்டேன்

கண்ணை மானிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து பைனாகுலரைத் தேடினால் திரும்பவும் மானைத் தேட வேண்டியதுதான். வீட்டு மாடியிலிருந்து மரத்துக் காக்கையைக் குறிவைத்துப் பழகலாம். கழுத்துவாரைச் சுருக்கி மார்பு உயரத்தில் வையுங்கள், அல்லது மார்புப்பட்டை வாங்குங்கள்.

மான் தெரிந்ததுமே அதன் பக்கத்தில் விநோதமான ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பொறுமையாக அதற்குப் பின்னால் பாருங்கள். ஒரு மான் தெரிந்தால் இன்னொன்று இருக்கும். பெண் மானுக்குப் பின்னால் குட்டிகள் வரும். இனச்சேர்க்கை உச்சத்தில் இருக்கும் நவம்பர் நடுவில், முன்னால் போகும் பெண் மானைவிட அது வந்த வழிதான் முக்கியம். ஆண் மான் அந்தத் தடத்திலேயே மோப்பம் பிடித்து வரும்.

## மான் தெரிகிறது, சுடலாமா என்று தெரியவில்லை

தெரியவில்லை என்றால் சுடக் கூடாது. இதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

2002 முதல் பென்சில்வேனியாவில் கொம்புமுனை விதி உண்டு. மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பிலாவது குறைந்தது மூன்று முனை வேண்டும். மேற்கில் சில வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில், கொம்பின் அடியில் நெற்றிக்குப் பக்கத்தில் இருக்கும் புருவ முனையைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று. ஒரு அங்குலத்துக்குக் குறைவான துருத்தல் முனையாகாது. சிறுவர்களுக்கு விதி வேறு. நீங்கள் போகும் பகுதிக்கு எது என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நேர்முகமாக நிற்கும் மானில் முனை எண்ண வராது, கொப்பும் முனையும் கலந்துவிடும். அது பக்கவாட்டில் திரும்பித் தலையை அசைக்கும்வரை காத்திருங்கள்: கொப்பு நிற்கும், கொம்பு நகரும்.

கொம்பில்லாத மானுக்குத் தனி உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும், தனியாக வரும் சின்ன மானைப் பார்த்தால் நிதானியுங்கள். கொம்பு முளைக்காத ஆண் குட்டியாக இருக்கலாம். காதுகளுக்கு இடையே உச்சி தட்டையாக, முகம் குட்டையாக இருந்தால் அனேகமாக அதுதான். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். வெறும் வானம் தெரிந்தால் எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் சீசனுக்குச் சீசன் தடுமாறுகிறீர்கள் என்றால், அனுபவமுள்ள ஒருவரோடு ஒருநாள் துப்பாக்கி இல்லாமல் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் காசு கொடுத்து வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாம். சுட்டுத்தர அல்ல, கண்ணைப் பழக்கத்தான் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எலும்பும் தோலுமாக, தலை தொங்கி, எச்சில் வடிய, ஆளைக் கண்டும் நகராமல் நிற்கும் மானைக் கண்டால் வேட்டையைப் பற்றி யோசிக்காதீர்கள். 2012-இல் இந்த மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சி.டபிள்யூ.டி. என்ற நலிவு நோயாக இருக்கலாம். கிட்டே போகாமல், தொடாமல் மாநிலத்தின் வனவிலங்குத் துறையான பென்சில்வேனியா கேம் கமிஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே கைபேசி வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, முகட்டுக்கு ஏறிவந்து கூப்பிடும்போது இடத்தைச் சரியாகச் சொல்ல அது வேண்டும்.